‘அஃது’ என்பதை வெட்டிவிடலாமா? ஆய்த எழுத்தைப் பற்றிச் சில ஐயங்கள்

மெய்ப்பு எழுதியது:

வணக்கம். இருபது ஆண்டுகளாகப் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்தி வருகிறேன். இந்த வாரம் கைக்கு வந்த கட்டுரைத் தொகுப்பில் ‘அஃது’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஓரிடத்தில் ‘அஃது அவருடைய முடிவு’. மற்றோர் இடத்தில் ‘அஃது பெரிய தவறு’. முதலாவதை அப்படியே விட்டேன். இரண்டாவதில் ஃ-ஐ அடித்து ‘அது’ என்று திருத்தி அனுப்பினேன். கட்டுரையாளருக்கு வருத்தம். “விட்டால் எல்லாவற்றையும் விடுங்கள், வெட்டினால் எல்லாவற்றையும் வெட்டுங்கள். இந்தக் காலத்தில் ஃ என்பது ஃபேன், ஃபோன் என்று எழுதுவதற்குத்தான். மற்ற இடங்களில் அது வெறும் அலங்காரம்” என்று பதில் எழுதிவிட்டார்.

என் திருத்தம் சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்குரிய விதியை அவருக்குக் காட்ட வேண்டும். எந்த நூலில், எந்த இடத்தில் இருக்கிறது என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

இன்னொன்றும் மனத்தில் உறுத்துகிறது. எங்கள் தொழிலில் எழுதும்போது மெய்ப்பு என்கிறோம்; பேசும்போது எல்லோரும் சொல்வது ‘புரூஃப்’. அந்தச் சொல்லிலேயே ஃ உட்கார்ந்திருக்கிறது. ‘அஃது’ என்பதில் இருக்கும் ஃ, ‘புரூஃப்’ என்பதில் இருக்கும் ஃ, இரண்டும் ஒரே எழுத்துதானா? அல்லது ஒரே வடிவத்தில் இரண்டு எழுத்துகளா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

அன்பரே, முதல் கேள்விக்கு விடை தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. எழுத்ததிகாரம், குற்றியலுகரப் புணரியல்:

“முன்உயிர் வரும்இடத்து ஆய்தப் புள்ளி
மன்னல் வேண்டும் அல்வழி யான”

அதற்கு அடுத்த நூற்பா: “ஏனைமுன் வரினே தான்நிலை இன்றே.”

அஃது, இஃது, உஃது என்னும் சுட்டுச் சொற்களை அடுத்து உயிரெழுத்து வந்தால் ஆய்தம் நிலைக்கும். மெய்யெழுத்தை முதலாகக் கொண்ட சொல் வந்தால் நிலைக்காது. ஆகவே ‘அஃது அவருடைய முடிவு’ சரி. ‘அஃது பெரிய தவறு’ என்பதில் நீங்கள் ஃ-ஐ அடித்ததும் சரி. ஓர் இரவு, ஒரு பகல் என்று எழுதுகிறோம் அல்லவா? ஏறத்தாழ அதே போக்குதான் இங்கும்.

திருக்குறளைத் திறந்து பாருங்கள். ‘அஃதுடம்பு பெற்றான்’ என்பது 943ஆம் குறள். ‘அஃதொருவன் பெற்றான் பொருள்வைப் புழி’ என்பது 226. ‘தோன்றுக அஃதிலார்’ என்பது 236. மூன்றிலும் ஃது-வை அடுத்து உயிர்தான் நிற்கிறது.

கட்டுரையாளருக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். உயிருக்கு முன் ‘அது’ என்று எழுதினாலும் இன்றைய உரைநடையில் யாரும் பிழை என்று சொல்ல மாட்டார்கள். ‘அது ஒரு நாள்’ என்று எழுதலாம். ஆனால் மெய்க்கு முன் ‘அஃது’ என்று எழுதுவதற்கு இடம் இல்லை. கம்பீரமாக ஒலிக்கும் என்று எண்ணிப் பலர் எல்லா இடத்திலும் அஃது போடுகிறார்கள். அப்படிச் செய்தால்தான் அது அலங்காரம். இடம் அறிந்து போட்டால் அது இலக்கணம்.

நெடுவழி எழுதியது:

நல்ல விளக்கம் ஐயா. என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் அவளுக்கு இதை ‘ஆயுத எழுத்து’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பழைய போர்வீரர்களின் கேடயத்தில் மூன்று குமிழ்கள் இருக்குமாம். அதைப் போல இருப்பதால் ஆயுதம் என்று பெயர் வந்ததாம். நானும் சிறுவயதில் இதையே படித்தேன். சூலத்தின் மூன்று முனை என்றும், சிவனின் மூன்று கண் என்றும் சொல்வோர் உண்டு. இவற்றில் எது உண்மை?

வன்தொடர் எழுதியது:

நான் மொழியியல் மாணவி. இந்த எழுத்தின் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு, அதனால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

எழுத்தின் பெயர் ஆய்தம். ஆயுதம் அன்று. ஆயுதம் வடமொழியிலிருந்து வந்த சொல். ஆய்தம் என்பதற்கு வேர் தேட வேண்டுமானால் ‘ஆய்’ என்ற நம் வினையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தொல்காப்பிய உரியியலில் ஒரு நூற்பா: “ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்.” ஆய்தல் என்றால் உள்ள ஒன்று நுணுகிப் போவது. கீரையை ஆய்கிறோம், ஒரு பொருளை ஆராய்கிறோம் என்பதெல்லாம் இந்த நுணுக்கத்தின் கிளைகள். ஒலி நுணுகி வருவதால் ஆய்தம். எனக்கு மனம் ஒப்பும் விளக்கம் இது.

‘சார்ந்திருப்பது’ என்று பொருள்படும் ஆச்ரிதம் என்ற வடசொல் ஆய்தமாகத் திரிந்தது என்று கருதுவோரும் உண்டு. ஆய்தம் சார்ந்து வரும் எழுத்து என்பதால் பொருள் அழகாகப் பொருந்துகிறது. இருந்தாலும் நுணுக்கம் என்ற பொருளில் ‘ஆய்தல்’ அதே நூலில் ஆளப்பட்டிருக்கும்போது வெளியே தேடிப் போக எனக்கு விருப்பம் இல்லை.

இதே எழுத்துக்கு அஃகேனம் என்றும் ஒரு பெயர் உண்டு. அதிலும் ‘அஃகு’ இருக்கிறது. அஃகுதல் என்றால் சுருங்குதல், குறைதல். அஃகேனம், ஆய்தம், தனிநிலை, புள்ளி, ஒற்று என்று இதற்கு ஐந்து பெயர் சொல்லும் பழைய சூத்திரம் ஒன்றும் உண்டு. நுணுகுவது, சுருங்குவது, தனித்து நிற்பது, புள்ளியாக இருப்பது, ஒற்றாக ஒலிப்பது. ஐந்திலும் போர் இல்லை, கேடயம் இல்லை.

கேடயக் கதை குழந்தைகளுக்கு வடிவத்தை நினைவில் வைக்க உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பெயரையே மாற்றிவிடுகிறது. ‘ஆயுத எழுத்து’ என்று ஒருமுறை பதிந்துவிட்டால் அந்தக் குழந்தை வளர்ந்த பிறகும் ‘ஆய்தம்’ என்பதை அச்சுப்பிழை என்று நினைக்கும். நான் அப்படி நினைத்தவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

மெய்ப்பு எழுதியது:

நானும் சந்தித்திருக்கிறேன். ‘ஆய்த எழுத்து’ என்று சரியாக வந்த ஒரு கைப்பிரதியில், எனக்கு முன்னால் பார்த்தவர் ‘ஆயுத எழுத்து’ என்று திருத்தி வைத்திருந்தார். அதை மறுபடியும் திருத்தினேன்.

வெண்பாப்பித்தன் எழுதியது:

பெயரில் ஆயுதம் இல்லை. ஆனால் ஆய்தம் உள்ள சொற்களில் ஆயுதம் இருக்கிறது. எஃகு! இன்று இரும்பின் உறுதியான வகையை எஃகு என்கிறோம். பழைய பாடல்களில் எஃகு என்றால் வேல், கூர்மையான படைக்கருவி. “செறுநர் செருக்கறுக்கும் எஃகதனின் கூரியது இல்” என்கிறது 759ஆம் குறள். பகைவரின் செருக்கை அறுக்கும் எஃகாகப் பொருளை, அதாவது செல்வத்தைச் சொல்கிறார். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எ-வில் தொடங்கி, ஃ-இல் காற்று உரசி, கு-வில் வெட்டி நிற்கிறது.

என்னை மயக்கும் இன்னொரு குறள் 1037: “தொடிப்புழுதி கஃசா உணக்கின் பிடித்தெருவும் வேண்டாது சாலப் படும்.” ஒரு பலம் புழுதி கால் பலமாகக் காயும்படி உழுது விட்டால், ஒரு பிடி எரு கூட இல்லாமல் பயிர் செழிக்கும். கஃசு என்றால் கால் பலம். சுருங்கிக் காய்ந்த மண்ணைச் சொல்லும் இடத்தில் சுருங்கிய ஒலியை உடைய ஓர் எழுத்து வந்து விழுகிறது. அவர் எண்ணிச் செய்தாரா என்று நான் வாதிட வரவில்லை. காதுக்கு அப்படிக் கேட்கிறது.

அதிகாரத் தலைப்பே ஆய்தத்தோடு இருப்பது வெஃகாமை. அதில் 178: “அஃகாமை செல்வத்திற்கு யாதெனின் வெஃகாமை வேண்டும் பிறன்கைப் பொருள்.” அஃகாமை, வெஃகாமை என்று எதுகையே ஆய்தத்தில் அமைகிறது. இதை ‘அகாமை’, ‘வெகாமை’ என்று படித்துப் பாருங்கள், குறளே சரிந்துவிடும். அலங்காரம் என்று சொன்ன கட்டுரையாளருக்கு இதைக் காட்டுங்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

வெண்பாப்பித்தன் குறளுக்குப் போனார். நான் குழந்தைகளின் பாடத்துக்குப் போகிறேன். ஆத்திசூடியில் ‘ஔவியம் பேசேல்’ என்பதற்கு அடுத்து வருவது ‘அஃகஞ் சுருக்கேல்’. அஃகம் என்றால் தானியம். விற்கும்போது அளவைக் குறைக்காதே என்பது கருத்து. ஃ என்னும் எழுத்தில் சொல் தொடங்காது, ஆகவே அ-வைத் துணைக்கு அழைத்து ‘அஃகம்’ என்று எழுதினார் ஔவை. நெடுவழி அவர்களே, உங்கள் மகளுக்குக் கேடயத்தை விட இந்த வரி பயன்படும்.

மாணவிக்கு ஒரு சொல். நீங்கள் சொன்ன நூற்பாவோடு நூன்மரபின் முதல் நூற்பாவையும் சேர்த்துப் பாருங்கள் அம்மா. “எழுத்தெனப் படுப அகரமுதல் னகர இறுவாய் முப்பஃது என்ப, சார்ந்துவரல் மரபின் மூன்றலங் கடையே.” எழுத்துகள் முப்பது, சார்ந்து வரும் மூன்று அந்தக் கணக்கில் சேரா என்கிறார். ஆய்தத்தைக் கணக்குக்கு வெளியே நிறுத்தும் அந்த நூற்பாவிலேயே ‘முப்பஃது’ என்று ஆய்தம் வந்து உட்கார்ந்திருக்கிறது! வகுப்பில் இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடல் சிலிர்க்கும்.

நெடுவழி எழுதியது:

ஐயா, அப்படியானால் 247 என்ற கணக்கு? 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், 1 ஆய்தம் என்று மகள் ஒப்பிக்கிறாளே.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அது பள்ளிக்கூடக் கணக்கு. தவறில்லை. இலக்கண நூல்களின் கணக்கு வேறு. தொல்காப்பியத்தில் முப்பது முதல் எழுத்து, மூன்று சார்பெழுத்து. குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகியவை அந்த மூன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் சார்பெழுத்தைப் பத்தாக்கி, அவற்றின் விரி 369 என்றார். அதில் ஆய்தம் 8, ஆய்தக்குறுக்கம் 2.

உயிருக்கும் மெய்க்கும் நடுவில் ஆய்தத்தை நிறுத்தும் வரிசையைப் பதினோராம் நூற்றாண்டு வீரசோழியத்தில் காணலாம். வடமொழி நெடுங்கணக்கில் உயிர்களின் முடிவில் அம், அஃ என்று இரண்டு வருவதை ஒத்த இடம் அது. பாடநூலில் ஔ-வுக்குப் பிறகு ஃ வருவதும் இதே வரிசைதான்.

சுழியம் எழுதியது:

நான் தமிழ் மென்பொருள் எழுதுபவன். வடமொழி நெடுங்கணக்கைப் பற்றி ஐயா சொன்னதும் எனக்கு நெடுநாள் ஆதங்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. யூனிகோடில் ஃ-க்குக் கொடுத்திருக்கும் அதிகாரப்பூர்வப் பெயர் என்ன தெரியுமா? ‘தமிழ்க் குறி விசர்க்கம்’ என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயர். மற்ற இந்திய எழுத்துகளின் அட்டவணையில் அதே இடத்தில் விசர்க்கம், அதாவது ஐயா சொன்ன அந்த ‘அஃ’ ஒலிக்கான குறி, இருக்கிறது. அச்சு மாறாமல் தமிழுக்கும் அதே பெயர் வந்துவிட்டது. யூனிகோடில் ஒருமுறை வைத்த பெயரை மாற்ற முடியாது என்பது அவர்களின் நிலைத்த விதி. அதனால் பக்கத்தில் ‘ஆய்தம்’ என்று ஒரு குறிப்பு மட்டும் இருக்கிறது.

அட்டவணையில் அதன் இடமும் அ-வுக்கு முன்னால். பதின்ம எண்ணில் 2947. எழுத்துகளை எண் வரிசையில் அடுக்கினால் ஃ முதலில் வரும், பிறகு அ. பாடநூல் வரிசை வேண்டுமென்றால் நாமே தனியாக நிரல் எழுத வேண்டும். ஓர் எழுத்தைத் தவறான பெயரில் தினமும் அழைத்து வேலை செய்வது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி இதுதான்: விசர்க்கத்துக்கும் ஆய்தத்துக்கும் உண்மையில் உறவே இல்லையா?

வன்தொடர் எழுதியது:

உறவு உண்டா என்ற கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: ஒலியில் ஒற்றுமை, பிறப்பில் ஒற்றுமை.

ஒலியில் ஒற்றுமை உண்டு. விசர்க்கம் சொல்லின் இறுதியில் வரும் மூச்சொலி. க-வுக்கு முன் வரும்போது அது அடிநாவில் உரசும், ப-வுக்கு முன் வரும்போது உதட்டில் உரசும். வடமொழி இலக்கணத்தார் அந்த இரண்டுக்கும் ஜிஹ்வாமூலீயம், உபத்மானீயம் என்று தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆய்தமும் வல்லினத்தின் முன் வரும் உரசல்தான்.

ஆனால் ஆய்தம் தமிழுக்குள் பிறந்த வழிகள் வேறு. ஒன்று, சொல்லின் உடலிலேயே இருப்பது: எஃகு, அஃகு, வெஃகு, கஃசு. இரண்டு, புணர்ச்சியில் பிறப்பது: அல் + திணை அஃறிணை ஆகிறது, பல் + தொடை பஃறொடை ஆகிறது. தனிக்குறிலை அடுத்த ல், ள் தகரத்தைச் சந்திக்கும்போது இப்படி ஆகும். “நன்னீர்ப் பஃறுளி மணலினும் பலவே” என்று புறநானூற்றின் 9ஆம் பாட்டில் வரும் ஆற்றின் பெயரிலும் இந்த ஒலிதான் ஓடுகிறது. இவற்றில் எதற்கும் விசர்க்கத்தின் உதவி தேவையில்லை.

பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003இல் வெளியிட்ட திராவிட மொழிகள் பற்றிய பெருநூலில் இன்னும் பின்னால் போகிறார். மூலத் திராவிடத்தில் தொண்டையில் எழுந்த ஓர் ஒலி இருந்தது, அது பிற மொழிகளில் மறைந்துவிட்டது, அதன் எச்சம்தான் அஃது, பஃது போன்ற சொற்களில் தமிழ் காத்து வைத்திருக்கும் ஆய்தம் என்பது அவர் கருத்து. கன்னடத்தில் அது என்பதற்கு ‘அது’ என்றே ஒலி, தெலுங்கில் ‘அதி’. நடுவில் மூச்சு இல்லை. தமிழில் மட்டும் அது-வும் இருக்கிறது, அஃது-வும் இருக்கிறது. எல்லா மொழியியலாளரும் இதை ஏற்கவில்லை. ஆனால் மெய்ப்பு ஐயா பேனாவால் அடிக்கப் போகும் அந்த மூன்று புள்ளி சில ஆயிரம் ஆண்டு மூச்சாக இருக்கக்கூடும் என்று நினைக்கும்போது எனக்குப் பேனாவைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றுகிறது.

நெடுவழி எழுதியது:

வடிவத்துக்கு வருவோமா? குகைக் கல்வெட்டுப் படங்களில் மூன்று புள்ளியைப் பார்த்திருக்கிறேன். அது ஃ தானே?

கணக்குப் புத்தகத்தில் ‘ஆகவே’ என்பதற்கும் இதே மூன்று புள்ளி வருகிறது. அது நம்மிடமிருந்து போனதா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

இரண்டும் அன்று. அசோகன் காலப் பிராமியில் முக்கோணமாக வைத்த மூன்று புள்ளி ‘இ’ என்னும் உயிரெழுத்து. அதைப் பார்த்து ஆய்தம் என்று எண்ணிவிட வேண்டாம். கணக்குக் குறியை 1659இல் யோகான் ரான் என்ற சுவிட்சர்லாந்துக் கணிதர் தம் இயற்கணித நூலில் பயன்படுத்தினார். அதற்கும் நமக்கும் தொடர்பு இல்லை. மூன்று புள்ளியை முக்கோணமாக வைப்பது யார் கைக்கும் வரக்கூடிய வடிவம்.

ஆய்தத்தின் வடிவத்துக்கு தொல்காப்பியத்துக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரைதான் எனக்குப் பிடித்த சான்று. அடுப்புக்கூட்டுப் போல மூன்று புள்ளி வடிவினது என்கிறார். மூன்று கல்லை முக்கோணமாக வைத்து மேலே பானையை ஏற்றுவோமே, அந்த அடுப்பு. வேலும் இல்லை, கேடயமும் இல்லை. சமையலறை.

வன்தொடர் எழுதியது:

அந்த உரை விளக்கும் ‘முப்பாற்புள்ளி’ என்ற தொல்காப்பியச் சொல்லில் ஒரு சிக்கல் உண்டு ஐயா. “குற்றியலிகரம் குற்றியலுகரம் ஆய்தம் என்ற முப்பாற்புள்ளியும்” என்பதில் மூன்று பகுதியான புள்ளி ஆய்தத்துக்கு மட்டும் உரியது என்பது நச்சினார்க்கினியர் கொண்ட பொருள். மூன்று சார்பெழுத்தும் புள்ளி பெறும், ஆகவே முப்பாற்புள்ளி என்று கொள்வதற்கும் இடம் இருக்கிறது. “மெய்யீறு எல்லாம் புள்ளியொடு நிலையல்” என்று சொல்லிவிட்டு, “குற்றியலுகரமும் அற்றென மொழிப” என்று தொல்காப்பியரே தொடர்கிறார். குற்றியலுகரத்துக்கும் புள்ளி இட்டு எழுதிய காலம் இருந்திருக்கிறது. இரண்டாவது பொருளே நூலோடு நன்றாகப் பொருந்துகிறது என்று நான் நினைக்கிறேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

உரையாசிரியரை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை அம்மா. ஆனால் உங்கள் சான்று வலுவானது. ஒப்புக்கொள்கிறேன்.

சுழியம் எழுதியது:

மெய்ப்பு ஐயாவின் இரண்டாம் கேள்வி இன்னும் நிற்கிறது. ஃபேன், ஃபோன், புரூஃப். இங்கே ஃ என்ன செய்கிறது?

நான் இதற்கு ஆதரவாளன். ‘பீஸ் கட்டினேன்’ என்று எழுதினால் எதைக் கட்டினான் என்று படிப்பவர் நின்று யோசிக்க வேண்டும். ‘பேன் ஓடவில்லை’ என்றால் மின்விசிறியா, தலையில் ஊர்வதா? ஒரு ஃ வைத்தால் தீர்ந்தது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இங்கே நான் எதிர்க்கிறேன் தம்பி. ஆய்தம் எங்கே வரும் என்பதற்கு ஒரே ஒரு விதி. தொல்காப்பியர் சொன்னதை நன்னூலார் சொல் மாறாமல் எடுத்து வைத்தார். “குறியதன் முன்னர் ஆய்தப் புள்ளி உயிரொடு புணர்ந்த வல்லாறன் மிசைத்தே.” ஆய்தத்துக்கு இடப்பக்கம் குறில் இருக்க வேண்டும். வலப்பக்கம் உயிர் ஏறிய வல்லினம் இருக்க வேண்டும். ‘ஃபேன்’ என்பதில் இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. ‘புரூஃப்’ என்பதில் இடப்பக்கம் நெடில், வலப்பக்கம் உயிர் ஏறாத ப். இரண்டு பக்கமும் உடைந்துவிட்டது.

ப-வால் எழுத முடியாதா? நம் முன்னோர் எழுதினார்கள். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் ‘பாத்திமா’ என்றுதான் இருக்கிறது. காப்பி என்றோம், ஆப்பிரிக்கா என்றோம். யாருக்கும் ஐயம் வரவில்லை.

வெண்பாப்பித்தன் எழுதியது:

ஐயா பக்கம் நிற்கிறேன். ஆய்தத்தின் மாத்திரை அரை. ஆய்தக்குறுக்கத்தில் கால். அவ்வளவு நுண்ணிய ஒலி. பாட்டில் இசைக்காக அதை நீட்டும்போது ஒரு மாத்திரை பெறும். “எஃஃகு இலங்கிய கையராய் இன்னுயிர் வெஃஃகுவார்க்கு இல்லை வீடு” என்பது ஒற்றளபெடைக்குக் காட்டும் வரி. கையில் வேலோடு பிற உயிரை விரும்புவோருக்கு வீடுபேறு இல்லை. இரண்டு ஃ அடுத்தடுத்து நின்று மூச்சு நீள்வதைக் கேட்டவர், அதே எழுத்தை ‘ஸ்டாஃப்’ என்பதில் பார்க்கும்போது என்ன உணர்வார்?

வன்தொடர் எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும். நீங்கள் காட்டும் அதே நூல் சுழியத்தின் பக்கமும் பேசுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறப்பியலின் முடிவில் தொல்காப்பியர் சார்பெழுத்து மூன்றையும் பற்றிச் சொல்கிறார்: அவற்றுக்குத் தமக்கென்று இயல்பு இல்லை, “தத்தம் சார்பிற் பிறப்பொடு சிவணி” வரும் என்கிறார். எதைச் சார்கிறதோ அதன் பிறப்பிடத்தில் பிறக்கும். ஆய்தத்தைத் தலையில் பிறப்பதாகச் சொல்பவர் நன்னூலார். தொல்காப்பியர் அப்படிச் சொல்லவில்லை. இப்போது உங்கள் உதட்டில் சோதித்துப் பாருங்கள். க-வைச் சார்ந்தால் மூச்சு அடிநாவில் உரசும். ப-வைச் சார்ந்தால் எங்கே உரச வேண்டும்? உதட்டில். உதட்டில் உரசும் மூச்சுதானே ஃபேன், ஃபோன் என்பவற்றின் முதல் ஒலி? ஆங்கிலத்தில் மேற்பல்லும் சேரும், அவ்வளவுதான் வேறுபாடு.

அந்த ஒலிக்கு எத்தனையோ குறி போட்டிருக்கலாம். முதலில் ப-வோடு ஃ-ஐச் சேர்த்தவர் யாராக இருந்தாலும் அவர் காது தமிழ்க்காது. வந்த இடம் விதியை உடைக்கிறது, அதை மறுக்கவில்லை. ஒலி விதியை உடைக்கவில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நேற்று இதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுதவில்லை. உரையை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன்.

உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது அம்மா. நாற்பது ஆண்டு வகுப்பெடுத்தும் பிறப்பியல் நூற்பாவை ஃபகரத்தோடு சேர்த்து நான் எண்ணிப் பார்த்ததில்லை. சொல்லின் முதலில் ஆய்தம் வருவதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை, ஏற்கவும் மாட்டேன். என் கட்டுரைகளில் காப்பி காப்பியாகவே இருக்கும். ஆனால் ‘ஃப’ என்பது பொருளற்ற ஒட்டு என்று இனிமேல் வகுப்பில் சொல்ல மாட்டேன்.

சுழியம் எழுதியது:

நன்றி ஐயா. என் பங்குக்கு ஒன்று. வேறு ஒலி வேண்டும் என்பதற்காக ஜ-வுக்கு முன்னும், ஸ-வுக்கு முன்னும் சிலர் ஃ வைக்கிறார்கள். மாணவி சொன்ன காரணம் அங்கே செல்லாது. ஜ, ஸ வல்லினமே அல்ல. அவற்றை நானும் எழுத மாட்டேன்.

வெண்பாப்பித்தன் எழுதியது:

ஓசைக்குறிப்பை யாரும் தொடவில்லையே! “உருவினும் இசையினும் அருகித் தோன்றும் மொழிக்குறிப்பு” என்று அதற்குத் தனி நூற்பாவே உண்டு. “கஃஃறென்னும் கல்லதர் அத்தம்” என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. கல் நிறைந்த பாலை வழியின் கருமையை ‘கஃஃறு’ என்று ஆய்தத்தை நீட்டிக் காட்டுகிறது. பனையோலையின் ஒலிக்கு ‘சுஃஃறு’. நிறத்துக்கும் ஒலிக்கும் ஒரே எழுத்து. இன்று நாம் ‘சர்’ என்றும் ‘உஷ்’ என்றும் எழுதுகிறோம். கவிதை எழுதும் இளையவர்கள் இந்த ஃஃ-ஐ ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

நெடுவழி எழுதியது:

மகளிடம் அடுப்புக்கல் மூன்றையும் படம் வரைந்து காட்டினேன். ‘அஃகஞ் சுருக்கேல்’ சொல்லிக் கொடுத்தேன். “கால் வாசி மூச்சு விடு” என்று சொன்னதும் அவள் எஃகு என்பதை மிக அழகாகச் சொன்னாள். நான் இதுவரை ‘எக்கு’ என்றுதான் சொல்லி வந்தேன். ஆயுத எழுத்து என்ற பெயரையும் வீட்டில் மாற்றிவிட்டோம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அரைவாசி மூச்சு என்று சொல்லுங்கள். கால் வாசி ஆய்தக்குறுக்கத்துக்கு. கஃறீது, முஃடீது என்று அவள் படிக்கும் வயது வரும்போது அது வரட்டும்.

மெய்ப்பு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு நூற்பாவையும் குறள் வரிகளையும் எடுத்து எழுதிக் கட்டுரையாளருக்கு அனுப்பினேன். தொகுப்பு முழுவதும் எண்ணிப் பார்த்ததில் அஃது 38 இடங்களில் இருந்தது. 15 இடங்களில் உயிருக்கு முன்னால் வந்தது; அவற்றைத் தொடவில்லை. 23 இடங்களில் ஃ-ஐ எடுத்தேன். இன்று காலை அவரிடமிருந்து மறுமொழி வந்தது. எல்லாத் திருத்தங்களையும் ஏற்றுக்கொண்டார். தமக்குத் தெரிந்திருந்தால் அலங்காரம் என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்க மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறார்.

அவர் ஒரு கேள்வியும் சேர்த்திருக்கிறார். ‘அஃதே போன்று’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார். போன்று மெய்யில் தொடங்குவதால் அதிலும் ஃ-ஐ எடுத்துவிட வேண்டுமா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

வேண்டாம். அஃது என்பதை அடுத்து முதலில் வருவது போன்று அன்று, ஏகாரம். அஃது + ஏ. உயிர்தானே? “மறத்திற்கும் அஃதே துணை” என்று 76ஆம் குறளில் துணை என்பதற்கு முன்னால் அஃதே நிற்கிறது. அந்த இரண்டு இடத்தையும் அப்படியே விட்டுவிடுங்கள்.